இரண்டாவது வெடிச் சத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். கந்தசஷ்டி விரதம் முடித்து, பாறணைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு, கனடாவின் பிக்கரிங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் யாருடனோ ஆங்கிலத்தில் கதைத்துவிட்டு ஃபோனை வைத்தாள். பிறகு வாசலோரம் கட்டித் தயாராக நின்ற பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போய், படிக்குக் கீழே இருக்கும் அலுமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அழுதிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவள். அந்த வருடத்து வசந்தகாலத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் காப்பாற்றப் போய், முடியாமல் போய்விட்டது. யாருடைய பிழையும் இல்லை என்று மேலதிகாரிகளே சொன்னார்கள். ஆனாலும் அதன் பிறகு நோயாளிக்கு ஊசி ஏற்றப் போனால் அவளுடைய கை நடுங்கத் தொடங்கியது. லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கலகலவென்று திரிந்த பிள்ளை, சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், மேலே போய்விடுவாள்.

அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அல்பேர்ட்டாவில் மான் வேட்டை! கூட வேலை செய்யும் தோழி ஒருத்தியோடு சேர்ந்து பழகிய பழக்கம் அது. அந்த முறை தோழிக்கு லீவு கிடைக்காததால் தனியாகப் போக இருந்தாள். முறையாகப் படித்து லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். அவள் தேடிப் போகும் மானுக்குக் கோவேறு கழுதையைப் போல நீண்ட காது என்பதால் ஆங்கிலப் பெயரிலேயே கழுதை உண்டாம். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் கிடையாது. மேற்கே வெட்டவெளிகளில்தான் திரியும். வெளி மாகாணத்து ஆட்கள் போனால் கூட்டிக்கொண்டு போக அந்த இடத்து வழிகாட்டி ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரை அதற்கு முந்தைய வருடமே பிடித்து வைத்திருந்தாள். அந்த மனிதர் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதைச் சொல்லத்தான் அந்த ஃபோன்.

எனக்குத் துவக்கு, துப்பாக்கி என்ற பேச்சே ஆகாது. என் தம்பியை ஒரு வெடியில் பறிகொடுத்தவள் நான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அவள் முதல்முதல் வேட்டைக்குப் போகிறேன் என்றபோது வீட்டைத் தலைகீழாக்கினேன். "நீங்க சாப்பிடுற ஆட்டிறைச்சி மரத்தில காய்க்குதா அம்மா?" என்று கேட்டாள்.

ஃபோன் வந்த அன்றைக்கு அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். "போகாட்டி விடு பிள்ளை. அடுத்த வருசம் போகலாம்தானே?" என்றேன்.

அப்போதுதான் வாய் திறந்தாள். "ஜனவரியில வேலைக்குத் திரும்பிறதோ விடுறதோ எண்டு சொல்லவேணும் அம்மா. பேப்பர் டார்கெட்டைச் சுடேக்க என்ர கை ஷேக் பண்ணேல்லை. உயிர் எண்டாத்தான் நடுங்குது. மானுக்கு நோகாமல் ஒரே வெடியில உயிர் போகவேணும். என்னால ஏலுமோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

உயிரைக் காப்பாற்றுகிற வேலைக்குத் திரும்ப, ஓர் உயிரை எடுத்துப் பார்க்க வேண்டுமா? எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆனால் இத்தனை மாதத்தில் அவள் என்னோடு கதைத்த மிக நீண்ட கதை அதுதான். சாமி அறைக்குப் போனேன். "நீயும் வள்ளியைத் தேடி வேடன் வேசம் போட்டவன்தானே, இப்ப ஒரு வழி காட்டு" என்று முருகனிடம் கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

வேட்டைக்காலம் முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. மகள் கூப்பிட்ட இடமெல்லாம் இடமில்லை என்ற பதில். ஒரே ஒரு வழிகாட்டியிடம் மட்டும், வருவதாக இருந்த ஆள் வராமல் விட்டதால் கடைசி வாரம் காலியாக இருந்தது. அவரோ, வயதாகிவிட்டது, அந்த வாரம் ஓய்வெடுக்கப் போகிறேன் என்று மறுத்துவிட்டார். மகளுக்கு அது முடிந்த கதை. எனக்கு அங்கேதான் தொடக்கம். முன்பின் தெரியாத மனிதர் மறுத்தால், தெரிந்த மனிதரைக் கொண்டு கேட்பிக்க வேண்டும். அதோடு முன்பின் தெரியாத ஆம்பிளையோடு பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்ப நான் என்ன விசரியா? ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று விசாரிக்கவும் வேண்டும்.

விசாரிப்பதில் நான் கெட்டிக்காரி. நாலு வருடமாக இவளுக்கு மாப்பிள்ளை தேடி, லண்டனிலிருந்து சிட்னி வரை விசாரித்துப் பழகிய வாய் இது. ஒரு மாப்பிள்ளையும் சரிவரவில்லை. பழகிய பழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. முதலில் இங்கே பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் ஓர் அன்ரிக்கு ஃபோன் அடித்தேன். சம்பந்தம் பேசுவதில் பெரிய ஆள். அல்பேர்ட்டாவில் அந்த வழிகாட்டியின் ஊருக்குக் கிட்ட எங்கட ஆட்கள் ஆர் இருக்கினம் என்று கேட்டதும், "பொடியனுக்கு என்ன வயசு? என்ன வேலை?" என்றார். அறுபத்தைந்து வயது, மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

ஆனாலும் அன்ரி விடவில்லை. கால்கரியில் உள்ள தன் மச்சாளிடம் கேட்டார். மச்சாள் கோயிலில் விசாரித்தார். மறுநாள் மத்தியானம் ஒரு நம்பர் கிடைத்தது. அந்தச் சின்ன ஊரில் இருந்த ஒரே தமிழர். பெற்றோல் ஸ்ரேஷன் நடத்துகிறார். மன்னார்ப் பக்கம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்.

அவரைக் கூப்பிட்டேன். ஊர் கேட்டார், சொன்னேன். பிறகு மகளின் வேலை, அவள் கை, படிக்குக் கீழே கிடக்கும் பை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் யாரென்றே தெரியாத அந்த மனிதர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. "உவரை எனக்குத் தெரியும். என்னட்டத்தான் பெற்றோல் அடிக்கிறவர். மனுசியும் வீட்டிலதான், தங்கமான சனம். நான் நேர போய்க் கேட்டுச் சொல்லுறன்" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். பொழுதுபடுகிற நேரம் திரும்பக் கூப்பிட்டார்.

"ஓம் எண்டிட்டார். பிள்ளையை வரச்சொல்லுங்கோ. ஆனா ஒரு பொய் சொல்லிப்போட்டன் அக்கா. முதல் மாட்டன் எண்டுதான் நிண்டவர். என்ர சொந்த அக்காவின்ர மகள் எண்டு சொன்னன். உடனே இளகிட்டார். அக்காவையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லு, கனகாலம் காணாமல் இருப்பாய் எண்டார். நானும் ஓம் எண்டிட்டன். அதால நீங்களும் வரவேணும். வந்து என்னைத் தெரியாத ஆள் மாதிரி நிக்காதேங்கோ."

நானுமா என்று உரக்கக் கேட்டுவிட்டேன். அவர் பயந்துவிட்டார். "கோவிக்காதேங்கோ. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய்யலாமெண்டா, ஒரு பொய் சொல்லி மான் வேட்டைக்கு அனுப்பக் கூடாதோ? மாதா மன்னிப்பா."

கோபமா! ஒரு தம்பிக் குரல் என்னை அக்கா என்று கூப்பிட்டு, எனக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டி எத்தனை வருடம். அழுகையை அடக்கிக்கொண்டு, "வாறன் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

நான் படிக்குக் கீழே இருந்த பையை இழுத்து வாசலில் வைத்ததும், மகள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யூ ஆர் கமிங்? நீங்களா? ஹண்டிங்குக்கா?" என்று கேட்டு, அப்படியே தரையில் இருந்து சிரித்தாள். விமான நிலையத்தில் பூட்டிய நீளப் பெட்டியில் துவக்கு போனது. அந்தப் பெட்டி போன பக்கம் நான் தலை திருப்பவே இல்லை.

கால்கரியில் இறங்கி, வாடகைக் காரில் வயல்வெளிகளுக்கு நடுவே நீண்ட தூரம் ஓடி அந்தப் பெற்றோல் ஸ்ரேஷனை அடைந்தோம். வாசலில் வழிகாட்டியும் மனைவியும் எங்களை வரவேற்கக் காத்து நின்றார்கள். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் மடு மாதா படம், அதற்குக் கீழே கட்டையாக, வழுக்கை விழுந்த ஒருவர். அவர் முகத்தில் வேர்வை. பொய் பிடிபட்டுவிடும் என்ற பயம் போலும். நான் நேரே போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். நடிக்கத்தான் போனேன். ஆனால் விடமுடியவில்லை. வழிகாட்டியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் ஏன் அழுதார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

முதல் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் அங்கியை மாட்டிவிட்டபோது சாமியாராகப் போனவளைப் போல இருந்தேன். பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பில் குளிரில் படுத்துக் கிடந்தோம். வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு கிடாய் மான் வந்தது. எவ்வளவு பெரிய காது! எங்களைக் கண்டு, நாலு காலையும் ஒன்றாகத் தூக்கிப் பந்து போலத் துள்ளி ஓடியது. ஓடி, சற்றுத் தள்ளி நின்று, திரும்பிப் பார்த்தது. இந்த மானின் குணம் அது என்று வழிகாட்டி முதலே சொல்லியிருந்தார். தப்பி ஓடுகிற அவசரத்திலும் ஒரு தரம் நின்று பார்க்குமாம். சுடுகிறவர்கள் காத்திருப்பது அந்த நொடிக்காகத்தான்.

மகள் குறிபார்த்தாள். பின்னால் கிடந்த எனக்குத் துவக்கின் நுனி தெரிந்தது. அது ஆடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரலை எடுத்தாள், துவக்கைப் பூட்டிக் கீழே வைத்தாள். மான் போய்விட்டது. நிச்சயமில்லாதபோது சுடாமல் விட்டாளே, அதுவே நல்ல வேட்டைக்காரியின் அடையாளம் என்று வழிகாட்டி சொன்னார். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கையுறைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று பின்னேரம் என்னிடம் வந்தாள். "நாளைக்கு நீங்க வீட்டில நில்லுங்கோ அம்மா. நீங்க மூச்சுப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது எனக்குக் கேக்குது."

சரி என்றேன். பெற்ற பிள்ளைக்காக உலகத்தையே விசாரிக்கலாம். அவளுடைய மூச்சை நான் விட முடியாது.

மறுநாள் காலை வழிகாட்டியின் மனைவியோடு அடுக்களையில் அப்பிள் சீவிக்கொண்டிருந்தேன். இதற்கு முன் தம்பியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் என்றேன். அது பொய்யில்லை.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில், ஒரு வெடி.

என் கையிலிருந்த கத்தி விழுந்தது. எனக்கே தெரியாமல் உடம்பு பாதி மேசைக்குக் கீழே போயிருந்தது. பழக்கதோஷம். அந்த அம்மா தானும் கீழே குந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வெடி நல்லது என்று மெதுவாகச் சொன்னார். கை பிசகினால்தான் இரண்டாவது கேட்கும், கேளுங்கள் என்றார்.

கேட்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வெடிகளுக்கு ஓடியிருக்கிறேன், ஒளித்திருக்கிறேன். அடுத்தது வரக்கூடாதே என்று ஒரு பிள்ளையின் கைக்காகக் காத்திருந்தது அன்றுதான். அடுப்பில் கேத்தல் கூவியது. அந்த அம்மா எழும்பிப் போய் அதை நிறுத்திவிட்டு வந்து மறுபடி என் பக்கத்தில் குந்தினார். வெளியே காற்றுச் சத்தம் மட்டும்தான். இரண்டாவது வெடி வரவே இல்லை.

"அப்பாடா" என்றேன். வெடிச் சத்தம் கேட்ட பிறகு என் வாயிலிருந்து அந்தச் சொல் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

மத்தியானம் மகள் வந்தாள். வாசலில் நின்றபடியே கையுறைகளைக் கழற்றி, இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினாள். "பாருங்கோ அம்மா" என்றாள். அசையவில்லை. மான் ஒன்றும் அறியவில்லை, அப்படியே சரிந்தது என்று சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்த மானுக்காகவும் அழுதாள், காப்பாற்ற முடியாமல் போன அந்தப் பிள்ளைக்காகவும் அழுதாள். அந்தப் பிள்ளையின் கதையை அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகச் சொன்னாள்.

இறைச்சியில் ஒரு பங்கைத் தம்பி வாங்கிக்கொண்டு போய், மன்னார்க் கறித்தூள் போட்டுக் காய்ச்சி எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு மட்டும் பருப்பும் சோறும் தனியாக வைத்திருந்தார். நான் சொல்லவே இல்லை. அக்கா வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டா என்று தம்பிக்குத் தெரியாதா என்று வழிகாட்டியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் மகள் வேலைக்குத் திரும்பினாள். தம்பி ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் கூப்பிட்டு, "விரதம் முடிஞ்சுதோ அக்கா?" என்று கேட்பார். அவருடைய நத்தார்ப் பண்டிகைக்கு நான் பலகாரம் சுட்டு அனுப்புவேன். எங்கள் பொய்யை மகளைத் தவிர இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது அது பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கும் கனடா தினத்தில் பக்கத்துப் பூங்காவில் வாணம் வெடித்தால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கிறது. ஆனால் மேசைக்குக் கீழே போக நினைக்கிற உடம்பை நிறுத்தி, மகளின் அந்த அசையாத கைகளை நினைத்துக்கொண்டு எழும்பி நிற்க எனக்கு இப்போது முடிகிறது.