லைன் நிற்காத மீட்டிங்

எங்கள் மேனேஜருக்குப் பிடித்த ஆங்கில வார்த்தை 'ஹங்ரி'. "ஐ வான்ட் ஹங்ரி பீப்பிள்" என்று வாரத்தில் இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். கற்றுக்கொள்ளத் துடிக்கிற ஆட்கள் வேண்டும் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் வெற்றிக்குப் பசிக்கும், பதவிக்குப் பசிக்கும், கைதட்டலுக்கும் பசிக்கும். பத்து மணிக்கு வடை தின்றுவிட்டுப் பதினொன்றரைக்கே "ஐ ஆம் ஸ்டார்விங்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு வரும் என்ஜினியர்களையும் பார்த்திருக்கிறேன். தமிழிலும் அறிவுப்பசி, அதிகாரப்பசி எல்லாம் உண்டுதான். ஆனால் எங்கள் வீட்டில் யாராவது பசிக்கிறது என்றால் அம்மா தட்டைத்தான் எடுப்பாள்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்கிற கம்பெனியில் நான் லைன் லீடர். ஊர் வல்லக்கோட்டைப் பக்கம். என் லைனில் பதினெட்டுப் பெண்கள், பெரும்பாலும் தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் ஆங்கிலம் வரும் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே.

முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஒன்பது மணிக்கு இருபது நிமிடம் டிபன் பிரேக். லைனை நிறுத்தாமல் மீட்டிங் நடத்த வேண்டும் என்று, பிரேக் தொடங்கியதும் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவது என் யோசனை. ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்துப் பத்து, பதினைந்து ஆகும். மேனேஜர் பாராட்டினார். அதற்குப் பிறகு நான் இன்னும் விரிவாகப் பேசினேன்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் நான் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடம் பின்வரிசையிலிருந்து நழுவிவிடுவாள். ஒரு வருட ட்ரெயினி. ஒருநாள் பிடித்துவிட்டேன்.

"இன்னாடி, நான் பேசிகினு இருக்கும்போதே கேன்டீனுக்கு ஓடற? சோத்துக்குன்னே வேலைக்கு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோயிற்று. "இனிமே நிக்கேன்க்கா" என்றாள். ஒரு நாள் நின்றாள். மறுநாள் மறுபடி காணோம்.

என் லைனிலேயே குறைவாக ரிஜெக்ட் ஆவது அவள் கோக்கும் வயர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துமே, வருடக் கடைசியில் அவளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த படிவத்தில், 'நாட் ஹங்ரி டு லேர்ன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜருடைய வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்ததில் அப்படி ஒரு திருப்தி. அவரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் ஒருநாள் எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. எனக்கு எப்போதும் விடியும் முன்பே சாப்பாடு ஆகிவிடும், டப்பாவும் கையில் இருக்கும். கேன்டீன் பக்கம் நான் போனதே இல்லை. அன்று வெறும் வயிற்றோடு வந்து, என் மீட்டிங்கை நானே நீட்டி முழக்கிவிட்டுப் போனால், வாசல் வரைக்கும் வரிசை. என் முறை வந்து கார்டைத் தேய்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்க லைன் டைம் முடிஞ்சிச்சி மேடம். இதுக்கு மேல மெஷின் எடுக்காது" என்றார் பரிமாறுகிறவர்.

என் பின்னால் நின்ற என் லைன் பெண்கள் அப்படியே திரும்பினார்கள். யாருக்கும் ஆச்சரியமே இல்லை. ஒருத்தி எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் தெரிந்தது. ஹாஸ்டல் பஸ் ஐந்து மணிக்கே கிளம்பிவிடும். மெஸ்ஸில் டிபன் ஏழு மணிக்குத்தான். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட வயிற்றோடுதான் அத்தனை பேரும் என் முன்னால் நின்றிருக்கிறார்கள். எனக்குப் பயந்து நின்றிருக்கிறார்கள்.

"பின்வரிசைல நிப்பாளே, அவளுக்கு மட்டும் தாங்காதுக்கா. கை நடுங்க ஆரம்பிச்சிரும். நடுங்குனா வயர் தப்பாப் போயிரும்னு ஓடுவா."

அன்று இரண்டு மணி வரை நான் எழுதிய கணக்கெல்லாம் தப்பாகப் போயிற்று. பசியில் பாதி, அவமானத்தில் பாதி.

ஷிப்ட் முடிந்ததும் எச்.ஆர் அறைக்கு ஓடினேன். கத்தினேன், கெஞ்சினேன், அந்தப் பெண் நல்ல வேலைக்காரி என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். நிறுத்துகிறவர்கள் லிஸ்ட் போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். மறுநாளிலிருந்து மீட்டிங்கை டிபனுக்குப் பிறகு என்று மாற்றினேன். லைன் ஏழு நிமிடம் நின்றது. மேனேஜர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசி நாளன்று ஷூவையும் தொப்பியையும் ஒப்படைத்துவிட்டு அவள் லாக்கர் ரூமில் எனக்காகக் காத்திருந்தாள். ஊருக்குப் போகிற பை தோளில் தொங்கியது. அடுத்த வேலை எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். நான் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிஞ்சுக் கை, விரல் நுனியெல்லாம் வயர் கீறிய தடம்.

"எனக்காக எச்.ஆர்ல போய்ச் சண்ட போட்டீங்களாமேக்கா? எல்லாரும் சொன்னாவ. எங்கம்மைட்ட போன்ல சொன்னேன், அழுதுட்டா. யாரோ எழுதிக் கெடுத்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான் இன்னா செய்ய முடியும்" என்றேன்.