செல்வராணி கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன்

போன மாதம் ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது திருத்தங்கலில் இருந்து போன். அங்கே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கும் செல்வராணி.

“சார், ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் பேரு மாறிக் கெடக்கு. ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னமோ மெரட்டி எழுதியிருக்கு. கொஞ்சம் வாறீகளா?”

விருதுநகரில் இருந்து பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான்... அந்த அப்டேட்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்காகப் பத்தி எழுதுவது எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் சின்னக் கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். அந்த பிரஸ்ஸுக்கும் நான்தான். எந்தக் கடைக்கு என்ன சாமி படம், அடியில் என்ன பெயர், எத்தனை காலண்டர் — எல்லாம் அதில்தான் இருக்கும். வெளியூரில் இருந்தாலும் போனில் ஆர்டர் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. சரியென்று இன்டர்நெட்டிலும் இணைத்துக் கொடுத்தேன்.

இந்த மாதிரி புரோகிராம்கள் தனியாக ஓடாது. எந்தக் கணினி மொழியில் எழுதினோமோ, அதை ஓட்டுவதற்கென்று ஒரு மென்பொருள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். ரன்டைம் என்பார்கள். அதைச் செய்கிறவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை, ‘இந்த இடத்தில் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டோம், புதிதைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்புவார்கள். நல்ல விஷயம்தானே?

ஆனால் போன வருடத் தீபாவளி சீசனில் செல்வராணி அதைப் போட்ட அன்று, என் புரோகிராம் லேபிள் பிரிண்ட் எடுக்க மறுத்துவிட்டது. லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. ஓடிப்போய்ப் பழைய ரன்டைமையே திரும்பப் போட்டேன். தப்பு அப்டேட்டில் இல்லை, என் புரோகிராமில். அரை நாள் உட்கார்ந்தால் சரிசெய்திருக்கலாம்.

நான் என்ன செய்தேன்? “இனிமே கேட்டா அமுக்காதீக” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் விடவில்லை. “சார், பாதுகாப்பு அப்டேட்டுன்னு சிவப்புல வருது. போட்ரவா?” என்று போன் வரும். தீபாவளி முடியட்டும் என்பேன். அப்புறம் காலண்டர் முடியட்டும். அப்புறம் பள்ளிக்கூட நோட்டு. அதற்குள் அடுத்த தீபாவளிக்கான பட்டாசு லேபிள் வேலை வந்துவிடும். எங்கள் பக்கம் சீசன் முடிந்த நாள் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

பிரஸ்ஸில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். எல்லோருக்கும் அண்ணாச்சி. செல்வராணி மேஜை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

“இந்தப் பிள்ளை எதையோ அமுக்கிருச்சு தம்பி. மெயில்ல கண்டதையும் திறந்து பாத்திருக்கும். அப்படித்தானே?”

“நான் எதையும் அமுக்கலை அண்ணாச்சி” என்றார் செல்வராணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பாக்கணும் அண்ணாச்சி” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அப்போதே முக்கால்வாசி தெரியும்.

மத்தியானத்துக்குள் மீதியும் தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து யாரோ பழைய ரன்டைமில் இருந்த ஓட்டை வழியாகவே நேராக உள்ளே வந்து, பணம் கேட்டு எல்லா ஃபைலையும் பூட்டியிருக்கிறார்கள். அதை அடைக்கும் அப்டேட் எட்டு மாதத்துக்கு முன்பே வந்திருக்கிறது. அதோடு வந்த குறிப்பைத் திறந்து படித்தேன். பாஸ்வேர்டு இல்லாமலே நுழைய முடியும், உடனே புதுப்பியுங்கள் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதாவது, செல்வராணி எதையும் அமுக்கியிருக்கவே வேண்டாம். நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் மாட்டியிருந்ததால் அதுவும் போயிற்று.

எழுந்து வெளியே வந்தால் செல்வராணி இல்லை. “வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்” என்றார் அண்ணாச்சி.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று கிளம்பிவிட்டேன். அதையும் தள்ளிப்போட்டேன்... மூன்று நாள்.

நான்காம் நாள் சொன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தம்பி. போய் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செல்வராணி வீடு நாரணாபுரத்தில். அதற்குள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆறு வருடம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர். வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னைக்கு நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன் சார்” என்றார்.

“தப்பு எம்மேலதான். அண்ணாச்சி வரச் சொன்னாரு.”

“வரலை சார். ‘ஒங்கம்மாதான் பிரஸ்ஸக் கெடுத்துச்சாமே’ன்னு எம் பொண்ணுகிட்டப் பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காக. ஊரு பூரா பேச மூணு நாளு போதும்.” விரலில் காய்ந்திருந்த பசையைத் தேய்த்து உதிர்த்தார். “வேற பிரஸ்ஸுல கேட்டிருக்கேன். அங்கன வந்து, நான் அமுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

அந்த ஓட்டையை அடைக்க முகம் தெரியாத யார் யாரோ உழைத்து, சும்மாவே அனுப்பி வைத்தார்கள். வாங்கிப் போட எனக்குத்தான் நேரமில்லை. தள்ளிப்போடுகிறவன் ஒருவன், அடி வாங்குவது இன்னொருவர் — பெரும்பாலும் இப்படித்தான் அமைந்துவிடுகிறது, இல்லையா?

பழைய காலண்டர்களைக் கடை கடையாகக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்தோம். பாதி டிசைன் தேறியது. என் புரோகிராமையும் திருத்தினேன். நான்கு மணி நேரம் ஆனது.

செல்வராணி கேட்ட அன்றைக்கே அந்த இன்னொரு பிரஸ்ஸுக்குப் போய்ச் சொன்னேன். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால், அங்கே சாப்ட்வேர் யார் எழுதியது என்று விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்தாராம்.