சத்தமில்லாமல் இறங்கிய ஜாக்கி

எங்கள் வீட்டில் காருக்கு அடியில் படுப்பவள் என் மனைவி. கோயம்புத்தூரில் பம்ப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவள். ஸ்பேனரைக் கண்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். நான் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். டில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேலை செய்வாள். கேட்டதை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அந்தக் குளிர்காலத்தில் முன்சக்கரத்தின் பக்கம் ஒரு கடகடப்பு. மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். கேட்கவில்லை. ஆன்லைனில் ஒரு ஹைட்ராலிக் ஜாக்கி வரவழைத்தாள். சிவப்பு நிறம், அடியில் குட்டிச் சக்கரங்கள், நீளமான கைப்பிடி. மூன்று டன் தூக்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கையால் தூக்கிவிட முடிந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"இத்தனூண்டு இரும்பு காரைத் தூக்குமா?"

"இரும்பு எங்கீங்க தூக்குது? எண்ணெய்தான் தூக்குது," என்றாள். "கைப்பிடிய அமுத்துனா சின்ன பிஸ்டன் எண்ணெயத் தள்ளும். அது பெரிய பிஸ்டனுக்கு அடியில போயி மேல ஏத்தும். நாம பல தடவ அமுத்தோணும், அது கொஞ்சூண்டு ஏறும். போன எண்ணெய் திரும்பி வராம வால்வு புடிச்சுக்கும்."

"புடிக்கலேன்னா?"

"குளுருது. மேல போயி ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."

சில ஞாயிறுகள் அப்படிப் போயின. புகைமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியாது. காருக்கு வெளியே அவளுடைய கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு நன்றாக இல்லை. அவள் குரலைக் கேட்பதற்காகவே எதையாவது கேட்பேன்.

ஒரு நாள் காபி பிளாஸ்க்கைத் தலைமாட்டில், காரின் விளிம்புக்கு அடியில் நிறுத்தி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். சக்கரம் கழற்றிக் கிடந்தது. பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். இவள் அடியிலிருந்து வெளியே வந்து பேசினாள். பேசி முடித்ததும் பசிக்கிறது என்று இருவரும் மேலே போய்ச் சாப்பிட்டோம்.

திரும்பி வந்து பிளாஸ்க்கை எடுக்கக் குனிந்தேன். வரவில்லை. தரையில் ஏதோ ஒட்டிக்கொண்டதென்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். பிறகுதான் அதன் மேல்பக்கம் பார்த்தேன். காரின் விளிம்பு பிளாஸ்க் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டு, யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "நஹீ சாப், கோயீ நஹீ ஆயா," என்றார். யாரும் வரவில்லையாம். சத்தமும் இல்லையாம்.

அவள் மண்டியிட்டு ஜாக்கியின் பக்கவாட்டைத் தடவினாள். விரல் ஈரமாக வந்தது. கைப்பிடியை அமுக்கிக் காரை மறுபடி ஏற்றினாள். பிளாஸ்க் நசுங்கிய மூடியோடு உருண்டது. இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். கார் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால் தெரிந்தது.

"போன வாரமே இப்படித்தான் எறங்கியிருக்குமுங்களா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. "காரு மூக்குக்குக் கிட்டக்க வந்தாப்புல இருந்துச்சு. நாந்தான் தலையத் தூக்கிட்டேன்னு நெனச்சேன்."

நான் பிளாஸ்க்கை எடுத்து, நசுங்கிய மூடியைத் தடவிப் பார்த்தேன்.

காரோடு வந்த திருகு ஜாக்கியை வைத்துச் சக்கரத்தை மாட்டினோம். இனி மெக்கானிக்கிடமே விடலாம் என்று மறுபடி சொன்னேன்.

"அங்கயும் ஒருத்தன் அடியில படுக்கத்தானுங்க போறான்," என்றாள்.

அடுத்த விடுமுறையில் காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே ஒரு சின்ன ஜாக்கியை நீட்டினார். "ஹல்கா ஹை, மேடம்!" இலேசாக இருப்பது அவருக்குப் பெருமை. அவள் அதைத் தொடவேயில்லை. அகலமான அடிப்பாகமும், தூக்கும் இடத்தில் பெரிய கிண்ணமும், அளவுக்கு மீறிப் பாரம் வைத்தால் ஏற மறுக்கும் வால்வும் இருக்கிற கனமான ஒன்றைத் தேடி எடுத்தாள். மூட்டு மூட்டாகத் துணியால் துடைத்து, கசிவு உண்டா என்று பார்த்தாள். பிறகு அவருடைய வேனையே அதில் ஏற்றி வைக்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். வேன் அதே உயரத்தில் நின்றது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவளோ, உயரம் வைத்து இரும்பு ஊசி சொருகிப் பூட்டும் ஸ்டாண்டு இரண்டையும் சேர்த்துக் கேட்டாள்.

"அதான் நல்லா நிக்குதே!"

"இன்னைக்கு நிக்குது. ஜாக்கி ஏத்தறதுக்குத்தானுங்க. தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும்."

பழைய ஜாக்கியின் எண்ணெயை வடித்து, பிஸ்டனைத் தனியே கழற்றி, யாரும் மறுபடி பூட்ட முடியாதபடி ஆக்கிய பிறகே பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரரிடம் போட்டாள்.

கடகடப்புக்குக் காரணம் முன்சக்கர மூட்டுக்குள் தேய்ந்துபோயிருந்த ஒரு ரப்பர் புஷ். மாற்றிவிட்டாள். இப்போதெல்லாம் பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, காரை ஸ்டாண்டின் மேல் இறக்கி, இடுப்பால் இரண்டு முறை இடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். நிறுத்துமிடத்துக் குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் வெளியே வரும்வரை நான் மேலே போவதுமில்லை.