நான் செய்யாத மாப்பு

சண்டை முடிந்த வருடம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. சுனாமியாய்க் கடல் வந்து போய்விட்டது, சண்டையும் ஓய்ந்துவிட்டது, இனி என்ன குறை? என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தாவின் நெஞ்சுக்கு மட்டும் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

கடல் வந்த அன்று ராத்தாவின் மகள் போனாள். அடக்கம் செய்ய மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. ராத்தா அழவில்லை. சில மாதம் கழித்து நெஞ்சு வலிக்கிறது என்றாள், அம்மியை ஏற்றி வைத்தது மாதிரி. கல்முனையில் காட்டினோம், கண்டிக்கும் கொண்டுபோனோம். இரத்தம், ஸ்கேன், ஈ.சி.ஜி. எங்கு போனாலும் ஒரே பதில்: ஒன்றுமில்லை. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். உம்மாவுக்கோ அது நற்செய்தி. ஒவ்வொரு முறையும் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் சொல்லி, கஞ்சி காய்ச்சி அயலுக்குக் கொடுப்பார். ராத்தாவின் கணவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "டாக்டர்மாரே ஒண்டுமில்ல எண்டுட்டாங்க. இவ நடிக்கா." அதற்குப் பிறகு ராத்தா வலியைப் பற்றிப் பேசவே இல்லை. குணமாகிவிட்டது என்று வீடே நினைத்தது.

பாவமன்னிப்புத் தேடும் பராஅத் இரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒருவரிடம் ஒருவர் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் மன்னிக்காவிட்டால் அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான், மறுமையில் கணக்குத் தீர்க்க வேண்டும் என்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையை மன்னியுங்கள் என்று ஒருவர் கேட்பார், மற்றவரும் திருப்பிக் கேட்பார், ரொட்டி கைமாறும். பாதி வாய்ப்பாடுதான். ராத்தா இந்த முறை எல்லோருக்கும் முந்திக்கொண்டாள். நல்ல சேலை உடுத்து வீடு வீடாகப் போனாள். மீன்காரரிடம்கூட மாப்புக் கேட்டாளாம். "உங்கட மூத்தவ நல்லாத் தேறிட்டா," என்று அயலார் சொல்லச் சொல்ல உம்மாவுக்குப் பூரிப்பு.

அஸர் தொழுதுவிட்டு நான் பாயைச் சுருட்டும்போது என்னிடம் வந்தாள்.

"எனக்கு மாப்புச் செய்கா."

"எனக்கும் செய்ங்க ராத்தா," என்றேன், வழக்கப்படி.

"உனக்கு எப்பவோ செஞ்சிட்டன். சின்னவன் கத்தரிக்காய் திங்க மாட்டான். வேற கறி வெச்சுக் குடு."

சின்னவன் அவளுடைய மகன். அவனுக்கு நான் ஏன் கறி வைக்க வேண்டும்? இவள் எங்கே போகிறாள்?

கடல் வந்த பிறகு, ஆசிரியைகளான எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பகல் சாப்பாட்டுக்காகப் போனவள் நான். சாகும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று அங்கே சொன்னது மட்டும் மனதில் நின்றிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதே பாவம். நெஞ்சு வலி என்றால் தைலம் தேய்த்துவிடுவார்கள், சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் தௌபாச் செய், பாவமன்னிப்புக் கேள் என்பார்கள். பிறகு அவள் எதைச் சொல்வாள்?

கதவைச் சாத்தினேன்.

"ராத்தா, சாகப் போறீங்களா?"

குசினியில் உம்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். ராத்தா என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் நம்பினேன். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஓம், போறன்," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நான் மாப்புச் செய்ய மாட்டன்."

"என்னகா கதைக்கிற?"

"மாட்டன். நான் நித்திரையில கிடக்கக்குள்ள என்ட முடிய வெட்டினீங்களே, அதுக்கும் மாட்டன். ஒண்டுக்கும் மாட்டன். எல்லாத்தையும் மறுமைக்கு வெச்சிருக்கன். இப்ப போங்க பாப்பம்!"

ராத்தா மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அத்தனை வருடத்தில் அன்றுதான் அழுதாள். மாக்கையோடு ஓடிவந்த உம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. விடியும்வரை நாங்கள் மாறி மாறி அவளுடனேயே இருந்தோம்.

காலையில் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். "வலி உண்மையான வலிதான். நடிப்பில்ல. அதுக்கும் வைத்தியம் இருக்கு," என்றார் டாக்டர். நடிப்பு என்று சொன்ன அவள் கணவர், மச்சான், தலையைக் குனிந்துகொண்டார். மருந்தும் பேச்சுமாகப் பல மாதம் போனது. வலி முழுதாகப் போகவில்லை. வந்தால் இப்போது சொல்கிறாள், நாங்களும் ஒன்றுமில்லை என்று சொல்வதில்லை.

ஒவ்வொரு பராஅத்துக்கும் ரொட்டித் தட்டோடு என்னிடம் வருவாள்.

"இந்த வருசமாவது மாப்புச் செய்கா."

ரொட்டியை வாங்கிக்கொள்வேன். "மாட்டன், அடுத்த வருசம் வந்து கேளுங்க," என்பேன்.