தாக் மி-ஓக் வந்து பார்த்த ஐம்பது கறுப்புத் திரைகள்

பதினோரு வருடமாக எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. எங்கள் ஜொன்ஜு நகரத்தில் மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடும் விளையாட்டுக் கடைக்காரர்களின் சங்கம் வருடா வருடம் விருந்து போட்டு, அதிக இருக்கை போட்டவனுக்குக் கேடயம் கொடுக்கிறது. அந்த இருக்கைகளையெல்லாம் ஓட வைக்கிற தாக் மி-ஓக்கை ஒரு வாய்ச் சோற்றுக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை எழுந்து கேட்டேன். "ரிப்பேர்காரம்மாவுக்குக் கேடயமா? அப்புறம் தண்ணி கேன் போடுறவனும் கேப்பான்" என்று சிரித்தார்கள். சரி, அவர்கள் கொடுக்க வேண்டாம். நான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன், நேராகத்தான் எழுத வரும்.

மி-ஓக் அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. முன்பு வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். கவுண்டரை மூடி அங்கே மெஷினை வைத்தபோது, வேலை போன மற்றவர்கள் மெஷினைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் மட்டும் அதைச் சரிசெய்ய வந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ள என்ன இருக்கு, காட்டுங்க" என்றாராம். அப்போது வயது நாற்பத்திரண்டு. இன்று தூண்டில்காரர்கள் போடுகிற பல பை வைத்த மேல்சட்டையும், தூசி தட்ட ஒரு பல் துலக்கும் பிரஷுமாக இருபத்தாறு கடைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

போன பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். என் கடை பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் இருக்கிறது. பாடப் பதிவு நாளில் காலை பத்து மணிக்கு இணையப் பக்கம் திறக்கும். நல்ல பாடங்கள் அரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அதனால் பிள்ளைகள் வீட்டு இணையத்தை நம்பாமல் எங்களிடம் முன்கூட்டியே இருக்கை பிடிப்பார்கள். என் ஐம்பது இருக்கைக்கும் முன்பதிவு நிறைந்திருந்தது. எதிர்ச்சாரியில் கூ என்பவன் புதிதாகக் கடை திறந்து, இரண்டு வருடமாக என் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு நாளில் வழுக்கினால் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.

நான் வழுக்கினேன். என் கணினிகளுக்குத் தனித்தனி வட்டு கிடையாது. பின்னறையில் இருக்கும் ஒரே சர்வரிலிருந்துதான் ஐம்பதும் எழும்பும். ஒன்றில் செய்து சேமித்தால் எல்லாவற்றிலும் செய்த மாதிரி. ஜன்னல் வரிசைக்கு மட்டும் எட்டு புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருந்தேன். அவற்றை இயக்கும் புது டிரைவர் மென்பொருள் என்று எதற்குமே பொருந்தாத ஒன்றை முந்தின நாள் மாலை ஏற்றி, சர்வரில் சேமித்து, இடம் அடைக்கிறதே என்று பழைய நகலையும் அழித்தேன். காலையில் எல்லாவற்றையும் போட்டேன். கம்பெனிச் சின்னம் வந்தது. பிறகு ஐம்பதும் கறுப்பு.

அக்காவுக்குப் போன் போட்டேன், ஒன்பது ஐந்துக்கு வந்தார்.

"கடைசியா என்ன பண்ணீங்க முதலாளி?"

"ஒண்ணுமே பண்ணலக்கா. தானா இப்படி ஆயிடுச்சு."

"ஆமா, தானா ஆகும். எங்க வீட்டு அரிசியும் தானா வேகும்."

முதல் கணினியின் முன்னால் நின்று, விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்தினார். குட்டி விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்த, அணைந்தது.

"உசுரோடதான் இருக்கு. படம் காட்டத்தான் தெரியல. டிரைவர்ல கைய வச்சீங்களா?"

ஒப்புக்கொண்டேன். பழைய நகலை அழித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "பின்னறைக்குப் போய் ராம்யொன் நூடுல்ஸுக்குத் தண்ணி வைங்க. இங்க எதையும் தொடாதீங்க" என்றார், அவ்வளவுதான்.

நான் போகவில்லை, நின்று பார்த்தேன். அந்தக் கணினியின் கார்டைக் கழற்றி மேசையில் வைத்தார். திரையின் கம்பியைத் தாய்ப்பலகையிலேயே இருக்கும் சாதாரணப் படத்துளையில் செருகினார். படம் வந்தது. அதில் நுழைந்து, புது டிரைவரை வேரோடு எடுத்துவிட்டு, சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவிலிருந்து பழையதை ஏற்றிச் சர்வரில் சேமித்தார். எந்தக் கடையில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று இருபத்தாறு கடைகளுக்கும் அதில் வைத்திருக்கிறார். யாரும் கேட்டு வைத்ததில்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்கு நாற்பத்திரண்டு திரைகள் வெளிச்சமாயின. ஜன்னல் வரிசை மட்டும் கறுப்பு. பழைய டிரைவருக்குப் புதுக் கார்டு தெரியாது.

"ரெண்டையும் சேர்த்து ஓட வைக்க ஒரு மணி நேரம் ஆகும். இந்த எட்டுலயும் கார்டைக் கழட்டிடலாம்."

"என் புதுக் கார்டையா? அது இல்லாம அந்த சீட் எதுக்குக்கா?"

"பாடம் பதியத்தானே வர்றாங்க, கேம்ல சண்டை போடவா? அந்தப் பக்கம் குனிங்க."

பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் கால்களுக்கு நடுவே மேசைக்கு அடியில் படுத்து, திருட்டுக்குப் பயந்து கணினிப் பெட்டிகளில் நான் போட்ட பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கார்டைக் கழற்றினோம். ஆறு கணினி ஆயிற்று. இரண்டு பூட்டு துருப்பிடித்துத் திரும்பவே இல்லை. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. தனி வட்டு உள்ள என் கல்லாப்பெட்டிக் கணினியில் ஒரு பையனை உட்கார வைத்தார் அக்கா. இன்னும் ஒருத்தி மிச்சம். இயுன்-சொல் என்று பெயர். பட்டம் வாங்க ஒரே ஒரு பாடம் பாக்கி. இருக்கை எண் எழுதிய சீட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"போன்ல பாத்துக்கச் சொல்லலாமே" என்றேன்.

"அரை நிமிஷத்துல போன்ல கிடைக்குமா? உங்க பொண்ணா இருந்தா அப்படிச் சொல்வீங்களா?"

அந்தப் பெண்ணின் காதிலும் அது விழுந்தது. நான் துருப்பிடித்த பூட்டை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன்.

அக்கா முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "முதலாளி, இந்தப் பொண்ணக் கூட்டிக்கிட்டு எதிர்ல கூ கடைக்கு ஓடுங்க. ஒரு சீட்டு வேணும்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க. மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க. 'நான் கெடுத்துட்டேன்'னு சொல்லுங்க."

அந்தப் பெண்ணோடு தெருவைக் கடந்து ஓடி, கூவிடம் அதே வார்த்தையைச் சொன்னேன்.