ஒன்றைக் குறைப்பவர்

நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: "அடுத்த தலைமுறைச் செயலிகளின் முதன்மை வடிவமைப்பாளர். நேற்றைய எல்லைகளைத் தாண்டிச் சிந்திப்பவர்." படத்தில் அவர் எங்கோ தொலைவைப் பார்க்கிறார். அங்கே இருந்தது ஏசி. நேராகக் கழுத்தில் அடிக்கிறது என்று அவர் புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஏசி.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மியூசியம் அக்கா. கணினியின் மூளையான செயலியைத் தலைமுறை தலைமுறையாக வடிவமைக்கும் அந்தக் கட்டடத்தில், நேற்றைய எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கச் சம்பளம் வாங்குபவர் அவர் ஒருவர்தான்.

காரணம் ஒரு தவறு. யாரோ செய்துவிட்டு, இவர் சேருமுன்பே நிம்மதியாக ஓய்வுபெற்றுப் போய்விட்டார். முதல் தலைமுறைச் செயலியில் ஒரு குறிப்பிட்ட கணக்குக்கு விடை ஒன்று குறைவாக வரும். வாங்கியவர்கள் சண்டைக்கு வரவில்லை. தங்கள் நிரலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மைதான் வினையாயிற்று. அந்த நிரல்கள் இன்றும் ஓடுகின்றன; செயலி சரியான விடை சொன்னால் அவற்றுக்கு அது தப்பு. ஆகவே ஒவ்வொரு புதிய தலைமுறையிலும் அந்தப் பிழையைப் பிசகில்லாமல் வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வேறு இருவரைப் பழக்கிப் பார்த்தார்கள். இருவரும் நல்ல பொறியாளர்கள். தவறைக் கண்டதும் திருத்திவிட்டார்கள்.

கணவரும் மகளும் வேறு ஊரில். அங்கும் நிறுவனத்துக்குக் கிளை உண்டு. மாற்றல் கேட்கும்போதெல்லாம் "இந்த சிப் மட்டும் முடியட்டும்" என்றார்கள். சிப் முடியும். அடுத்த சிப் வரும்.

இந்த முறை வந்த புதிய தலைவர், பழசு எதுவும் வேண்டாம், அந்தத் தவறும் வேண்டாம் என்றார். தவறு வேண்டாமென்றால் அக்காவும் வேண்டாம். மாற்றல் உத்தரவு வந்தது. மகள் தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து படம் எடுத்து அனுப்பினாள்.

மிச்சம் இருந்தது ஒரு சோதனை. பழைய வாடிக்கையாளர்களின் நிரல்களைப் புதிய வடிவமைப்பில் ஓட்டிப் பார்த்து அவர் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் வடிவமைப்பு ஆலைக்குப் போகாது. தவறு போகிறது என்று முன்பே சொல்லியிருந்ததால் மற்றவர்கள் தங்கள் நிரலைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் ஓடின, ஒரு லிஃப்ட்டின் நிரலைத் தவிர. கணினிக்குள் பாவனையாக ஓடிய அந்த லிஃப்ட், மூன்றாம் மாடி கேட்டால் நான்கில் நின்றது. கடைசி மாடி கேட்டால் அதற்கும் மேலே போகப் பார்த்தது.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்காவைவிட வயதில் சிறியவர்.

"நிரலை மாத்திக்கச் சொல்லுங்கக்கா."

"எழுதின கம்பெனிய மூடியாச்சு சார். லிஃப்ட்தான் ஓடுது. போர்டு கெட்டா நம்ம புது சிப்பைப் போட்டு அதே நிரலை ஓட்டுவாங்க."

"ஒரே ஒரு லிஃப்ட்டுக்காகவா? விலக்குன்னு போட்டுக் கையெழுத்து போடுங்க. யார் பார்க்கப் போறா?"

"கடைசி மாடிக்குப் போறவங்க பார்ப்பாங்க."

"மேல தடுப்பு இருக்கும்ல? பாதியில நின்னுடும். உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

"உள்ள மாட்டிக்கிட்டவங்க?"

"யாராவது வந்து திறந்து விடுவாங்க."

"நானும் அப்படித்தான் சார் நினைச்சுட்டு இருந்தேன்."

தலைவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தப்பைத் திரும்ப வச்சா நீங்களும் இங்கதான். தெரியும்ல?"

"தெரியும்."

மதியம் கணவர் போன் செய்தார். "டிக்கெட் போடட்டுமா?"

"வேண்டாம்."

"மறுபடியும் என்ன?"

"சொல்லக்கூடாதுங்க."

"தாலி கட்டினவன்கிட்டயுமா? உங்க கம்பெனி சிப்பைவிட உன்னைத்தான் நல்லாப் பூட்டி வச்சிருக்கு."

"அந்தத் தட்டுல உங்க சட்டையை வச்சுக்கோங்க."

"நேத்து ஒரு துண்டு வச்சதுக்கே தூக்கி வெளிய போட்டா உன் பொண்ணு."

போனை வைத்துவிட்டு, அட்டையைத் தேய்த்தால் மட்டும் திறக்கும் கதவைத் தாண்டித் தன் இடத்துக்கு வந்தார். ஏசி கழுத்தில் அடித்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மாலைக்குள், அடுத்த தலைமுறைச் செயலி சரியாகச் சொன்ன விடையிலிருந்து அவர் ஒன்றைக் குறைத்தார்.