மனப்பாடத்தைப் படிப்பு என்று நம்பினேன்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறேன். நான்காவது படிக்கும் என் மகள் புத்தகத்தைத் திறந்து பாட்டுகளைக் கடகடவென்று சொல்வாள். நன்றாகப் படிக்கிறாள் என்று நம்பியது என் தப்பு.

அன்று சின்னவனுக்குக் காய்ச்சல். தூங்கிக்கொண்டிருந்த மகளுக்கு, ‘தம்பிக்கு மருந்து கொடுத்துட்டேன், நீ கொடுக்காதே’ என்று எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அவள் இரண்டு முறை கொடுத்துவிட்டாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

“சீட்டைப் படிக்கலயாடி?” என்று கேட்டேன்.

“பாட்டுன்னா மனப்பாடமா வரும்மா. இதுல மருந்துன்னு மட்டுந்தான் தெரிஞ்சுது” என்று அழுதாள்.

இப்போது தினமும் ஒரு பாட்டைக் கடைசி வரியிலிருந்து, சொல் சொல்லாக விரல் வைத்துப் படிக்க வைக்கிறேன். மெதுவாக வருகிறது. நடுவில் தம்பி இருமினால் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.